மரக்காணக் கரையின் கலங்கள்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடந்து மரக்காணத்தில் முடிகிறது. திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கில், ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம் என்றொரு கடற்கரைப் பட்டினத்தைக் குறிப்பிடுகிறது. அது இன்றைய மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஆகவே இக்கரையில் கலம் செலுத்துவது புதிய தொழிலன்று.

மரக்காணத்தில் இருவகை நீர் உண்டு. ஒன்று பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமில் தொடங்கி ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஓடிவரும் இக்கால்வாய், 1877–78 ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக விரிவாக்கப்பட்டு, அன்றைய சென்னை ஆளுநரின் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் அதன் வழியே சென்னைக்குச் சென்றன. மற்றொன்று, சிறிது தொலைவிலேயே இரையும் வங்கக் கடல். கால்வாயில் ஓடிய படகுகள் தட்டையான அடியுடையவை. ஆழமில்லாத நீரில் பெரும் பாரம் தாங்கி, குலுங்காமல் செல்ல அதனினும் ஏற்ற வடிவம் இல்லை. அதே படகைக் கடலலையின்மேல் ஏற்றினால் என்ன ஆகும்? அலையின் முகட்டிலிருந்து இறங்குகையில் அதன் அகன்ற அடி முழுவதும் ஒரே கணத்தில் நீரில் அறையும். பலகை அதிரும், உள்ளிருப்பவரின் முதுகெலும்பும் அதிரும்.

இதன் காரணத்தை மாணவர்கள் இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான். பந்தை நிறுத்துவதற்கு ஆகும் நேரம் கூடுகிறது. கையில் விழும் அடி குறைகிறது. படகு குலுங்காமல் செல்லும் மருமமும் இதுவே. அடி விழும் நேரத்தை நீட்டவேண்டும். சோழமண்டலக் கரையோர் இதனைச் சூத்திரமாக எழுதிவைக்கவில்லை. கயிற்றாலும் மரத்தாலும் செய்து காட்டினர்.

இக்கரைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. சென்னையிலும் பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அவற்றுக்கும் கரைக்கும் இடையே வரிசையாக உடைந்து விழும் அலைகளைக் கடந்தவை மசூலாப் படகுகள். பதினேழாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கில வணிகர் அவற்றை விவரித்திருக்கிறார். அப்படகில் ஆணி இல்லை. வங்கு எனப்படும் விலாமரமும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலின் இடையே வைக்கோல் திணித்திருப்பர். நீர் ஒழுகத்தான் செய்யும்; இறைப்பதற்கென்றே ஒருவன் இருப்பான். ஆணியடித்த ஐரோப்பியப் படகு உடைந்துபோகும் அலையில், இந்தத் தைத்த படகு உடலை வளைத்து அடியை வாங்கிக்கொண்டு கரையேறியது. அதனை முரட்டுப் படகு என்று எண்ணியோர் உண்டு. என் எண்ணத்தில் அது நுட்பமான பொறியியல். 1875இல் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கப்பல்கள் மதிலுக்குள் வந்து நிற்கத் தொடங்கியபின் மசூலாவுக்கு அங்கே வேலை குறைந்தது. அதைத் தைக்கும் கைகளும் மெல்ல மெல்லக் குறைந்தன.

கட்டுமரமோ வேறு வழியைக் கண்டது. அதற்கு உட்குழிவே இல்லை. சேர்த்துக் கட்டிய மரங்களின் இடைவெளியில் அலை புகுந்து வெளியேறிவிடும். மேலிருப்பவன் நனைவான், ஆனால் கவிழ்ந்தாலும் கலம் அமிழாது. இதன் பெயரையே மேலைநாட்டார் கேட்டமரன் என்று கொண்டுபோய், இரட்டை உடல் கொண்ட கப்பலுக்கு இட்டனர். பொருள் மாறிப் பெயர் மட்டும் கடல் கடந்தது.

இவையெல்லாம் துடுப்பாலும் பாயாலும் மெதுவாகச் சென்றவை. இயந்திரம் வந்ததும் கணக்கு மாறிற்று. எதிர்வரும் அலையை நோக்கி விரையும் படகுக்கு அலைகள் அடுத்தடுத்து விரைவாக வந்து மோதும். வளைந்து கொடுக்க நேரமில்லை, பிளந்து செல்லவேண்டும். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ரேமண்ட் ஹண்ட், அடிப்பாகத்தை அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஏறத்தாழ 24 பாகைச் சரிவுடன் கலப்பைக் கொழுபோல ஆழ்ந்த கூர்மையாக அமைத்தார். அவ்வாறு கட்டிய ‘மாப்பி’ என்னும் படகு 1960இல் மயாமியிலிருந்து நசாவுக்கு நடந்த பந்தயத்தில், கொந்தளித்த கடலில் முதலாவதாக வந்தது. கூரிய அடி நீரில் சிறிது சிறிதாக நுழைகிறது. இங்கும் அடி விழும் நேரமே நீள்கிறது. விலை இல்லாமல் எதுவும் கிடைப்பதில்லை. அதே வேகத்திற்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். நின்றுவிட்டால் படகு பக்கவாட்டில் அதிகம் உருளும்.

அளவையும் சிறிது கருதவேண்டும். ஆழ்கடலில் மூன்று நொடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் ஏறத்தாழ 14 மீட்டர். ஐந்து நொடி அலையின் நீளம் 39 மீட்டர். 30 மீட்டர்க் கப்பல் முதல் வகை அலையில் இரு முகடுகளின்மேல் பாலம்போலக் கிடந்து செல்லும். 9 மீட்டர்ப் படகோ ஒவ்வோர் அலைக்கும் ஏறி இறங்கியே ஆகவேண்டும். எடையும் அவ்வாறே. எடை மிகுந்த கலத்தை அதே அலை அத்தனை விரைவாகத் தூக்கிப் போடுவதில்லை. வெறும் படகாய்ச் செல்கையில் உள்ள குலுக்கல் மீன் நிறைந்து திரும்புகையில் தணிந்துவிடுவதன் காரணம் இதுதான். ஆனால் அகலம் கூடிய படகெல்லாம் சுகமானது என்று எண்ணிவிடவேண்டா. மிக அகன்ற படகு அலையின் சரிவை ஒட்டியே வெடுக்கென்று சாய்ந்து நிமிரும். கப்பல் ஏன் உருள்கிறது என்பதை 1861இல் விளக்கிய ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட், மிகையான நிலைப்புத் தன்மையே உருளலுக்குக் காரணமாகலாம் என்று அன்றே காட்டினார்.

நம் கரைக்கு மீள்வோம். ஐ. நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அலை உடையும் மணற்கரையிலேயே ஏறி இறங்கக்கூடிய இயந்திரப் படகுகளை அது வடிவமைத்தது. நிலம் தட்டும் இடத்தில் விசிறி சேதமுறாதபடி இயந்திரத்தை மேலே தூக்கிக்கொள்ள வகைசெய்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் இக்கரையெங்கும் பெருகி, கட்டுமரங்கள் அருகின.

அப்படகுகளுக்கு ‘மாப்பி’யின் ஆழ்ந்த கூர்மையை அப்படியே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கொடுத்தால் மணலில் இழுத்து ஏற்றும்போது படகு ஒருபக்கமாகச் சாய்ந்து விழும். ஆழமற்ற அலைவாயில் அடி தட்டும். எனவே அலையை வெட்ட முன்பக்கம் உயர்ந்தும் கூர்ந்தும், மணலில் நிற்கப் பின்பக்கம் தட்டையாகியும் ஒரு சமரச வடிவம் இங்கே வேண்டியதாகிறது. எஞ்சிய குலுக்கலை வடிவத்தால் அன்று, கையால்தான் தணிக்கவேண்டும். உடையும் அலையின்முன் இயந்திரத்தின் வேகத்தை எப்போது குறைப்பது, அலை தணிந்த எந்தக் கணத்தில் மீண்டும் முடுக்குவது என்பதைப் பின்பக்கம் நிற்பவன் ஒவ்வொரு விடியலிலும் தானே கணித்துக்கொள்கிறான்.