காணோம்: ஒரு வினைச்சொல்லும் சில பட்டியல்களும்

காரைக்குடிப் பக்கம் நாலு நாள் கடைத்தெருவுக்கு வராமல் இருந்துவிட்டு வந்தால் போதும், 'என்னப்பா, ஆளையே காணோம்?' என்பார்கள். பதிலுக்காகக் கேட்பதல்ல, குசலம். அதே இடத்தில் இப்போது ஆங்கிலம் படித்த பிள்ளைகள் 'எம்.ஐ.ஏ. ஆயிட்டான்' என்று சொல்லக் கேட்கிறேன். 'மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்'. சண்டை முடிந்து பெயர் கூப்பிடும்போது பதில் இல்லை, பிணமும் கிடைக்கவில்லை, பிடிபட்டதாகவும் தகவல் இல்லை: அப்படிப்பட்ட சிப்பாயை எழுதிவைக்க இராணுவம் உண்டாக்கிய பத்தி அது. இன்று கல்யாணத்துக்கு வராத நண்பனுக்கு அது பட்டப்பெயர்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் எனக்கு ஒரு ஆத்தா ஞாபகம் வருகிறாள். எங்கள் தெருவில் இருந்தவள். புருஷன், கொண்டுவிக்கப் போன செட்டியாரின் ரங்கூன் கடைக்குச் சமையலாளாய்ப் போனவர். 1942க்குப் பிறகு கடிதம் இல்லை. சாகும்வரை தாலியோடு இருந்தாள். யார் கேட்டாலும் 'போனாக, காணோம்' என்பாள். 'காணாமப் போயிட்டாக' என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

1941 டிசம்பரில் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழி நடந்தார்கள். தமு வழியாக இம்பாலுக்கு வந்தவர்கள் ஏராளம். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் எத்தனை பேர்? மதிப்பீடுகள் பத்தாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடையில் அலைகின்றன. யாரும் எண்ணவில்லை என்பதற்கு இந்த இடைவெளியே சாட்சி.

எண்ணப்பட்டவை வேறு. 1930களின் கடைசியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. அது ஏக்கர் கணக்கில் பேரேட்டில் ஏறியது. 1948இல் பர்மிய அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியபோது நஷ்டஈடு பேசவும் அந்தக் கணக்கு உதவிற்று. அடுப்படியில் நின்றவனுக்குப் பேரேட்டில் சம்பளப் பற்று உண்டு, சாவு வரவு கிடையாது.

இராணுவமும் எண்ணியது. ரங்கூனுக்கு வடக்கே தௌக்யானில் உள்ள நினைவுச்சின்னத்தில், கல்லறை தெரியாத சுமார் 27,000 சிப்பாய்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பெரும்பான்மை இந்தியர்கள். சயாம்-பர்மா ரயில்பாதையைப் பாருங்கள். 415 கிலோமீட்டர், 1943இல் முடிந்தது. அதில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். பட்டியல் உண்டு, கல்லறை உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் பர்மியரும் ஜாவாக்காரரும் மற்றவர்களும் சேர்த்துச் செத்த ஆசியத் தொழிலாளர் ஏறக்குறைய 90,000 என்று மதிப்பீடு. மதிப்பீடு மட்டும்தான்.

ஆக, 'காணாமற்போனவர்' என்ற தகுதி எல்லோருக்கும் கிடைப்பதல்ல. அதற்கு முன்னால் ஒருவர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். எண் பெற்றவன்தான் காணாமற்போக முடியும். எண்ணில்லாத கூலி வெறுமனே இல்லாமற் போகிறான்.

சட்டம் இதற்கு ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின்படி, ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு வருஷம் எதுவும் கேள்விப்படவில்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2024இல் வந்த புதிய சட்டத்திலும் இந்த விதி மாறவில்லை. ஆத்தா ஏழு வருஷத்தை ஏற்கவில்லை. அவளிடம் யாரும் நிரூபணம் கேட்கவுமில்லை.

இங்கே இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். 'காணாமற் போனார்' என்றால் எழுவாய் அவர். போனது அவர் காரியம். 'காணோம்' என்பதில் எழுவாய் நாம். 'ஓம்' என்பது தன்மைப் பன்மை விகுதி. நாங்கள் தேடினோம், எங்கள் கண்ணுக்குப் படவில்லை என்று பொறுப்பு தேடுகிறவர்மேல் நிற்கிறது. ஈழத்துத் தாய்மார் மூன்றாவது இலக்கணம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: 'காணாமல் ஆக்கப்பட்டோர்'. ஆக்கியவர் யார் என்ற கேள்வி வினைச்சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. 2016இல் இலங்கை அரசு சட்டமியற்றி அமைத்த அலுவலகத்தின் பெயரில் இருப்பது 'காணாமற்போன' என்பதுதான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவில் உட்கார்ந்தவர்கள் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. 'இல்லாமைச் சான்றிதழ்' அவர்கள் கேட்டதல்ல, பிள்ளைகளைக் கேட்டார்கள்.

உருவகமாய்ப் பேசுவதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாய்த் திரும்பிய பாடகி மாதங்கி அருள்பிரகாசம் 'எம்.ஐ.ஏ.' என்றே தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். லண்டனின் ஆக்டன் பகுதியையும் சேர்த்துச் சிலேடை. இராணுவத்தின் பத்தியில் இடம் கிடைக்காத சனத்திலிருந்து ஒருத்தி அந்தப் பத்தியின் தலைப்பையே எடுத்துக்கொண்டாள். வேடிக்கைதான், ஆனால் கணக்குள்ள வேடிக்கை.

சிவகங்கைச் சீமையில் ரங்கூன் போய்த் திரும்பாதவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் இருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களை எண்ணி எழுத ஆளிருக்கிறது. சமையலாள், பெட்டியடிப் பையன், வண்டிக்காரன் என்று ஊர் ஊராய்ப் பெயர் கேட்டு எழுதியிருக்கிறோமா? அடுத்த தடவை 'ஆளையே காணோம்' என்னும்போது அந்த 'ஓம்' யாரைக் குறிக்கிறது என்று கொஞ்சம் யோசிக்கலாம்.