சீட்டும் பில்லும்

பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்து பிரிந்தவை. 2007 நவம்பரில் அரியலூர் தனியே போனது. ஆனால் வைத்தியத்தில் இரண்டும் இரு வழியாகப் போயிருக்கின்றன. பெரம்பலூரின் மருத்துவக் கல்லூரி தனியாருடையது, சிறுவாச்சூரில் இருக்கிறது. அரியலூருக்கு 2022 ஜனவரியில் 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இனிச் சொல்லப்போவது இந்த இரு நிறுவனங்களைப் பற்றி அல்ல, தனியார், அரசு என்ற இரண்டு முறைகளைப் பற்றி.

தனியாரில் பார்த்தவரின் புகார் பில்லில் தொடங்கும்: "காய்ச்சலுக்கு எதுக்குங்க இத்தனை டெஸ்ட்?" அரசில் பார்த்தவருக்கு வேறு குறை. டாக்டர் இன்னும் வரவில்லை, ஸ்கேனுக்கு அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்கிறார்கள். லாபம் தனியாரில் மட்டும்தான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அரசு வார்டில் அது ஐம்பது ரூபாய்த் தாளாக நடமாடும். பணி நேரத்துக்கு வெளியே அரசு டாக்டர்கள் சொந்த கிளினிக் நடத்தத் தமிழ்நாட்டில் தடையில்லை. காலையில் முகம் பார்க்க நேரமில்லாதவர் மாலையில் நிதானமாகப் பேசுவதும் உண்டு.

விசித்திரம் புகாரைக் கொண்டுபோகும் இடத்தில்தான் இருக்கிறது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை அதற்கு வெளியே நின்றது. சிலரிடமாவது கட்டணம் வாங்கினால், அங்கே இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் நுகர்வோர்தான். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினாலும் அது இலவசம் ஆகாது. அப்படியானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு பெரம்பலூர்ப் பக்கம் தனியாரில் சேரும் ஏழை, அந்தத் தீர்ப்பின் தர்க்கப்படி நுகர்வோர். அவரே எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனையில் படுத்தால் இல்லை. லாப நோக்கைத் திட்டுகிற நாம் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது: காசு கைமாறிய இடத்தில்தான் சட்டம் சுலபமாகக் காது கொடுக்கிறது. வைத்தியத்துக்குக் கட்டிய தொகை ஐந்து லட்ச ரூபாயைத் தாண்டாத வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம்கூடக் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும்.

இலவச நோயாளிக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியைக் கொல்கத்தா அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. 1996இல் உச்ச நீதிமன்றம் அதை உயிர்வாழும் உரிமையின் மீறல் என்று சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பெரிய தீர்ப்புதான். ஆனால் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைக்காரர் ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போவாரா? திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுப்பார். மனு, புகாருக்கு உள்ளான மருத்துவமனைக்கே "உரிய நடவடிக்கைக்காக" திரும்பிப் போகும்.

எங்கே போனாலும் கையில் காகிதம் வேண்டும். உள்நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கேஸ் ஷீட் நகலைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி. அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்கும் அது பொது. புறநோயாளி நிலைதான் பாவம். தனியாரில் பார்த்தவரிடம் பில் கட்டாவது இருக்கும். அரசில் பார்த்தவரிடம் இருப்பது நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்த ஓ.பி. சீட்டு. ஊர் போய்ச் சேர்வதற்குள் வியர்வையில் பாதி எழுத்து அழிந்திருக்கும்.