கோடுகளின் கதை: அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயர் வாங்கலாமா?

வீட்டுக்கு எச்.டி. தொலைக்காட்சி வந்தால் பின்னாலேயே ஒரு கேள்வியும் வரும். பழைய டிவிடி பிளேயரே போதுமா, 'அப்ஸ்கேலிங்' பிளேயர் என்று ஒன்று விற்கிறார்களே, அதை வாங்க வேண்டுமா? எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி வந்தது. "சாதாரண டிவிடியைக்கூட எச்.டி. ஆக்கிக் காட்டும் சார்" என்றார் கடைக்காரர். விலை மூவாயிரத்துச் சொச்சம். ஓய்வூதியத்தில் வாழ்பவனுக்கு அது யோசித்துச் செலவழிக்க வேண்டிய தொகை.

முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எதையும் முதல் கோப்பிலிருந்து பார்த்துத்தான் பழக்கம். ஆகவே இந்த 'உயர் துல்லியம்' என்ற பேச்சு எப்போது தொடங்கியது என்று பார்க்கப் புகுந்தேன்.

அது ஒன்றும் புதிய பேச்சு இல்லை. 1936 நவம்பரில் லண்டனில் பி.பி.சி. தன் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோதே அதை 'ஹை டெஃபனிஷன்' என்றுதான் சொன்னார்கள். அதில் இருந்தவை 405 கோடுகள். தொலைக்காட்சிப் படம் என்பது மேலிருந்து கீழாக அடுக்கிய படுக்கைக் கோடுகள்தானே. அதற்கு முன் முப்பது கோட்டில் பொம்மைபோல் முகம் பார்த்தவர்களுக்கு 405 என்பது உயர்வுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் அதோடு நிற்கவில்லை. பாரிஸில் ஈபிள் கோபுரத்திலிருந்து 441 கோட்டில் ஒளிபரப்பு நடந்துகொண்டிருந்தது. 1948 நவம்பரில், இனி நாட்டின் முறை 819 கோடு என்று அரசு ஆணை வந்தது. அப்போது செய்தித் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் பிரான்சுவா மித்தெரான், பின்னாளில் அதிபரானவர். அவர்களும் அதை 'ஓத் தெஃபினிசியோன்' என்றே அழைத்தார்கள். அந்த 819இல் திரையில் தெரிபவை சுமார் 737. இன்று 'எச்.டி. ரெடி' என்று ஒட்டி விற்கும் பெட்டிகளின் கணக்கு 720 கோட்டில் தொடங்குகிறது. அந்தக் காலத்திலேயே கறுப்பு வெள்ளையில் அதைத் தாண்டியிருந்தார்கள்! அந்த ஆணை வந்தபோது நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பாடப் புத்தகத்தில் ஈபிள் கோபுரம் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியை நான் கண்ணால் பார்க்க இன்னும் பல காலம் ஆயிற்று.

819க்கு ஒரு விலை உண்டு. கோடு கூடினால் வானலையில் அது பிடிக்கும் இடமும் கூடும். மற்ற ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் 625 கோட்டில் ஒதுங்கின. 1964இல் பிரான்சு தன் இரண்டாவது அலைவரிசையைத் தொடங்கியபோது அதையும் 625இல்தான் தொடங்க வேண்டியிருந்தது. முதல் அலைவரிசை 819, இரண்டாவது 625. இரண்டையும் பார்க்க இரண்டும் தெரிந்த பெட்டி வேண்டும். 1980களில் 819 முழுவதும் மறைந்தது.

அடுத்து வண்ணம் வந்தது. ஜெர்மானியர் வால்ட்டர் புரூக் 'பால்' முறையைக் கண்டார் (கறக்கும் பால் அல்ல). பிரெஞ்சுக்காரர் ஆன்ரி தெ ஃப்ரான்ஸ் 'செக்காம்' முறையைக் கண்டார். இரண்டிலும் 625 கோடு, நொடிக்கு 25 படம். ஆனால் வண்ணத்தை எழுதிவைக்கும் விதம் வேறு. செக்காமில் வண்ணத்தின் இரண்டு பகுதிகளையும் ஒரே சமயத்தில் அனுப்புவதில்லை. ஒரு கோட்டோடு ஒன்று, அடுத்த கோட்டோடு மற்றது. முதலில் வந்ததைப் பெட்டி நினைவில் வைத்திருந்து சேர்த்துக்கொள்ளும். 1967 அக்டோபரில் பிரான்சிலும் சோவியத் நாட்டிலும் செக்காம் வண்ணம் தொடங்கியது. இந்தியா 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருடத்தில், பால் முறையில் வண்ணத்துக்கு மாறியது. இந்த வேறுபாடு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி டிவிடிக்கு வருவோம். 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்த வட்டில், நம் நாட்டு முறைப்படி ஒரு படம் என்பது 720க்கு 576 புள்ளி. பெருக்கினால் 4,14,720. முழு எச்.டி. திரையில் 1920க்கு 1080 புள்ளி, அதாவது 20,73,600. வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் ஐந்து மடங்கு. ஆக, திரையில் உள்ள ஐந்து புள்ளிகளில் ஒன்றுக்கு மட்டுமே வட்டில் கணக்கு இருக்கிறது. மற்ற நாலையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கருவி கணித்துப் போடுகிறது. அதற்குத்தான் அப்ஸ்கேலிங் என்று பெயர்.

எங்கள் அலுவலகத்தில் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேடுகளுக்கு நகல் எழுதும் வேலை இருந்தது. பழைய மை மங்கி, ஓரம் பூச்சி அரித்திருக்கும். தேர்ந்த எழுத்தர் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பார். நகல் மூலத்தைவிடப் படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் மூலத்தில் அரித்துப்போன பெயரை அவர் எங்கிருந்து எழுதுவார்? அப்ஸ்கேலிங்கும் அந்த நல்ல கையெழுத்துதான்.

இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. எச்.டி. தொலைக்காட்சிக்குள்ளேயே இந்த எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தட்டைத் திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. எதைக் கொடுத்தாலும் அது திரை முழுவதுக்கும் விரித்தாக வேண்டும். ஆகவே பிளேயர் விரிக்காவிட்டால் தொலைக்காட்சி விரிக்கும். அப்ஸ்கேலிங் பிளேயர் வாங்குவது ஒரே வேலைக்கு இரண்டாவது ஆளை நியமிப்பது. இரண்டாமவர் முதலாமவரைவிடக் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் லாபம்.

அப்படியானால் யாருமே வாங்க வேண்டாமா? உங்கள் பழைய பிளேயரில் ஒற்றை மஞ்சள் ஒயர் மட்டும்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள். அந்த மஞ்சள் ஒயரில் ஒளியும் வண்ணமும் கலந்து போகின்றன. பிரிக்கும்போது ஓரங்களில் வண்ணம் கசியும். எச்.டி.எம்.ஐ. கேபிளில் அந்தத் தொல்லை இல்லை. படம் தெளிவாகும், ஆனால் அந்தப் பெருமை கேபிளுக்கே உரியது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒயர் உள்ள பிளேயர் இருந்தால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. நகல் பூட்டு போட்ட திரைப்பட வட்டுகளை இந்தப் புதிய பிளேயர்கள் எச்.டி.எம்.ஐ. வழியாகத்தான் விரித்துக் கொடுக்கும், மூன்று ஒயர் வழியாகக் கொடுக்காது. பிரான்சிலிருந்து உறவினர் வட்டு கொண்டுவரும் வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த நாட்டு வட்டுகளின் பிரதேச எண் 2, நம்முடையது 5. எல்லா எண்ணையும் ஏற்கும் பிளேயராக இல்லாவிட்டால் அந்தப் படங்கள் ஓடாது.

எங்கள் பிளேயரில் மூன்று ஒயர் இருக்கிறது. அப்படியும் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் திரைப்படங்கள் அல்ல, ஒரே ஒரு வட்டு.

என் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊர் வழக்கில் 'சொல்தா'. 1987இல் விடுமுறைக்கு வந்தபோது அங்கே வாங்கிய வீடியோ கேமரா ஒன்றைக் கொண்டுவந்தார். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் அம்மாவைப் படம் பிடித்தார். அடுத்த வருடம் அம்மா காலமாகிவிட்டார். அம்மா நடந்து, திரும்பி, சிரிக்கும் படம் எங்களிடம் அது ஒன்றுதான். கேசட்டை எங்களிடமே விட்டுப் போனார். பிரான்சில் வாங்கிய கேமரா ஆயிற்றே, பதிவு செக்காமில். எங்கள் வீட்டு வி.சி.ஆர். பால். ஒளிப் பகுதி இரண்டுக்கும் பொது என்பதால் படம் தெரிந்தது, வண்ணம் வரவில்லை. அம்மாவை நாங்கள் இன்றுவரை கறுப்பு வெள்ளையில்தான் பார்த்து வருகிறோம். பிறகு வி.சி.ஆர். பழுதாகும் காலத்தில் ஊரில் ஒரு கடையில் டிவிடியாக மாற்றினோம். அங்கே இருந்ததும் பால் கருவிதான். வட்டிலும் கறுப்பு வெள்ளையே ஏறியது.

அந்த வட்டைப் புதிய பிளேயரில் போட்டால் என்ன கிடைக்கும்? பெரிய கறுப்பு வெள்ளை கிடைக்கும். வி.எச்.எஸ். கேசட்டில் படுக்கைவாட்டில் சுமார் 240 கோடு அளவுக்குத்தான் விவரம் நிற்கும். அம்மாவின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எந்தக் கருவியும் எண்ணிச் சொல்லாது. ஆனால் புடவையின் நிறம் அப்படி அல்ல. அது வட்டில் இல்லை, கேசட்டில் இருக்கிறது. செக்காம் படிக்கத் தெரிந்த வி.சி.ஆர். ஒன்றில் போட்டால் வெளியே வரும். அரக்கு என்று நானும், கத்தரிப்பூ என்று அக்காவும் இருபது வருடமாக வாதாடும் நிறம் அது.

ஆகவே பிளேயர் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். மூவாயிரத்துச் சொச்சத்தைக் கேசட்டுக்கு ஒதுக்கியிருக்கிறேன். பிரான்சில் இத்தகைய பழைய கேசட்டுகளை முறையாக வட்டில் ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அதிகம் தாமதிக்கவும் முடியாது. காந்த நாடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், கடற்கரை ஊரில் சொல்லவே வேண்டாம். அதைப் படிக்கும் கருவிகளும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன.

உங்கள் வீட்டிலும் பிரான்சிலிருந்து வந்த கேசட் ஏதாவது வண்ணமில்லாமல் ஓடியிருந்தால், பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எடுத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். அக்காவுக்கு இப்போது எண்பத்தொன்று. ஜனவரியில் அண்ணன் மகன் வருகிறான். தபாலில் அனுப்பாமல் அவன் கைப்பையிலேயே கேசட்டைக் கொடுத்தனுப்புவதாக இருக்கிறேன்.