பாரிஸ் பார்த்தது, சேரி பார்க்காதது



தச்சநல்லூரிலிருந்து நெல்லையப்பர் கோயில் கொஞ்ச தூரம்தான். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபை அங்கேதான் இருக்கிறது. நம் பாட்டன், பூட்டன் காலத்தில் அந்த வாசல் நமக்கு அடைத்தே கிடந்தது.

ஐந்து சபைகளில் இன்னொன்று திருவாலங்காடு. அங்கே கிடைத்த சோழர் கால நடராசர், 1851இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறார். அந்தச் சிலையின் புகைப்படங்களை மட்டுமே பார்த்து, பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் வியந்து எழுதினார். அந்தக் கட்டுரை 1921இல் அச்சானது.

அந்த 1921இல் நம் நிலை என்ன? மதுரை ஆலய நுழைவு நடந்ததே 1939 ஜூலை 8இல்தான். மாகாணம் முழுவதும் அதை உரிமையாக்கிய சட்டம் 1947இல் வந்தது. பாரிஸ்காரர் படத்தில் ரசித்த கடவுளை, பக்கத்துச் சேரிக்காரர் சொந்த ஊர்க் கோயிலில் பார்க்க முடியவில்லை.

இன்று எழும்பூரில் நுழைவுச்சீட்டு போதும். பட்டும் மாலையும் மறைக்காத சிலையை நேருக்கு நேர் பார்க்கலாம். ஆனால், பெயர்ப்பலகையில் ஊரும் நூற்றாண்டும் இருக்கும். வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் கதை இருக்காது.

எனவே பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். எங்கே கலை வரலாற்றுச் சொற்பொழிவு, பயிற்சி வகுப்பு நடந்தாலும் முன்வரிசையில் உட்காருங்கள். செய்தவர் யார், சுமந்தவர் யார், பார்க்க விடாமல் தடுக்கப்பட்டவர் யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியும் கலை வரலாறுதான்.