லிட்டருக்கு 160 கிலோமீட்டர்!

"லிட்டருக்கு 160 கி.மீ. ஓடுற காரை ஆயில் கம்பெனிக்காரன் பதுக்கிட்டான்" - இந்தக் கதை உங்க இன்பாக்ஸுக்கும் ஒருதரம் வந்திருக்கும். பாதி நிஜம்ங்க. கார் நிஜம், பதுக்கினதுதான் புருடா.

1939. அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து வுட் ரிவர். அங்கிருந்த ஷெல் ஆராய்ச்சிக்கூடத்து ஆட்களுக்குள் ஒரு பந்தயம்: ஒரு காலன் பெட்ரோலில் யார் கார் அதிக தூரம் போகும்? ஜெயிச்சவர் எடுத்தது சுமார் 50 மைல், அதாவது லிட்டருக்கு 21 கி.மீ. அப்புறம் வெறி பிடிச்சிடுச்சு. 1949-ல் ஒரு ஸ்டூட்பேக்கர் கிட்டத்தட்ட 150 மைல். 1973-ல், 1959 மாடல் ஓப்பல் ஒண்ணு 376 மைல்! அதுதான் நம்ம 160 கி.மீ.

மாய கார்புரேட்டர் எதுவும் இல்லை. காரை உரிச்சு எடையைக் குறைச்சாங்க. பின்சக்கரங்களை நெருக்கி வச்சு, சைக்கிள் மாதிரி செயின் மாட்டினாங்க. டயரில் காத்து கல்லு மாதிரி. சூடு வெளியே போகாம இன்ஜினைப் போர்த்தினாங்க.

முக்கியமான விஷயம் ஓட்டின விதம். பெட்ரோல் இன்ஜின் அரைகுறை லோடில்தான் எரிபொருளை வீணாக்கும். அதனால நல்லா லோடு கொடுத்து கொஞ்சம் வேகம் பிடிச்சதும் இன்ஜினை ஆஃப் பண்ணி உருள விடுவாங்க. வேகம் குறைஞ்சா மறுபடி ஸ்டார்ட். (இறக்கத்தில் வண்டியை ஆஃப் பண்ற ஆசாமிகளே, உங்க குலதெய்வம் இவங்கதான்!) காத்து தடுப்பது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும்; அதனால மெதுவாத்தான் ஓட்டினாங்க.

இதை வச்சுக்கிட்டு ஆபீஸ் போக முடியுமா சொல்லுங்க? அந்த ஓப்பல் பிற்பாடு அலபாமாவில் ஒரு மியூசியத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி நின்னுச்சு. பதுக்கறவன் டிக்கெட் போட்டா காட்டுவான்?