பாத்தியில் நடந்த பாடம்

வங்காளத்து வீர்பூம் ஜில்லாவின் செம்மண் மேட்டில், இரண்டு ஏழிலைப்பாலை மரங்களைச் சூழ்ந்த நிலத்தை 1863ஆம் வருஷம் மகரிஷி தேவேந்திரநாத் தாகூர் தியானத்துக்கென்று பெற்றார் என்பதும், அவருடைய குமாரர் ரவீந்திரநாதர் 1901 டிசம்பரில், சாந்திநிகேதன ஆசிரமம் எனப்பட்ட அவ்விடத்தில் ஐந்தே மாணவர்களுடன் ஒரு வித்தியாலயம் தொடங்கி, மாஞ்சோலை நிழலிலே வகுப்புகளை நடத்துவித்தார் என்பதும் பலரும் அறிந்த சங்கதி.

ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து இலக்கணம் படித்த மாத்திரத்தில் மரத்தைப் பற்றிய ஞானம் வந்துவிடாது. செடிகொடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் பற்றிப் பாலர்களுக்கென்றே வங்க மொழியில் புஸ்தகங்கள் எழுதிய ஜகதானந்த ராயும், நடுவிலே ஒரு பனைமரம் கூரையைத் துளைத்து நிற்கும் குடிலில் வாழ்ந்த தேஜேஷ் சந்திர சேனரும் அந்தக் குறையை ஓரளவு போக்கினார்கள். ஓரளவுதான், ஏனெனில், ஆசிரமத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய கனவான்கள், தம் பிள்ளை எத்தனை பறவைகளை இனம் காண்பான் என்றா விசாரித்தார்கள்? கல்கத்தா சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷனில் தேறுவானா என்றுதான் விசாரித்தார்கள். மகாகவியின் கொள்கையும் அந்தப் பரீக்ஷைக்கு முன்னே கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று.

அத்தளையில்லாத ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக 1924இல் அவர் தொடங்கிய சிறு பள்ளியே சிக்ஷாசத்ரா. ஆசிரமத்தின் ஆதி மாணவருள் ஒருவரும், அமெரிக்கா சென்று விவசாய சாஸ்திரம் கற்றுத் திரும்பியவருமான சந்தோஷ் சந்திர மஜும்தார் அதை நடத்தினார். 1926இல் அவர் காலமானபின், மறு வருஷம் பள்ளி அருகேயுள்ள சுருல் கிராமத்து ஸ்ரீநிகேதனத்துக்குப் பெயர்ந்தது; அங்கே 1922இல் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேய விவசாய நிபுணர் கிராமப் புனருத்தாரண வேலையைத் தொடங்கியிருந்தார்.

சிக்ஷாசத்ராவுக்கு எல்ம்ஹர்ஸ்ட் வகுத்த திட்டத்தில் குழந்தைக்கு முதலில் வேண்டியது புஸ்தகம் அன்று, தனக்கென ஒரு துண்டு நிலம். அந்தப் பாத்தியே அவன் விளையாடுமிடம். அதுவே பரிசோதனைச் சாலையும். நாற்று வாடினால் நீர் குறைந்ததா, வேர் அழுகியதா, புழு அரித்ததா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கிறான்; எருவுக்கும் விளைச்சலுக்கும் கணக்கு எழுதும்போது கணிதமும், அன்றன்று கண்டதைக் குறிக்கும்போது கட்டுரையும், யாரும் அதட்டாமலே அவனிடம் வந்து சேர்கின்றன. கோழி வளர்ப்பு, சமையல், நெசவு முதலிய தொழில்களும் இவ்வாறே பாடங்களாயின. மலேரியாவால் நலிந்த அச்சுற்றுப்புறத்தில், விரதீபாலகர் என்னும் கிராமச் சிறுவர் படையினர் தேங்கிய குட்டைகளில் மண்ணெண்ணெய் தெளித்தும் வாய்க்கால் வெட்டியும் கொசுவோடு போராடினார்கள். நீர், புழு, கொசு, ஜுரம், மனிதன் என்னும் சங்கிலியை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கரும்பலகை அக்காலத்தில் எங்கும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

1928 ஜூலையில் சாந்திநிகேதனத்தில் விருக்ஷாரோபணம் என்ற மரநடு விழா ஆரம்பமாயிற்று. தொட்டியில் வளர்ந்த ஒரு மகிழங்கன்று ஊர்வலமாகச் செல்ல, பாலர்கள் பஞ்சபூதங்களின் வேஷம் தரித்து வந்தார்கள். அவ்விழா இன்றும் நடைபெறுகிறது. உற்சவங்களைக் குறைகூறுவது என் கருத்தன்று. ஆயினும், கன்றை நட்ட கை மறுநாளும் அதற்கு நீர் வார்க்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு சுருலின் பாத்திகளிலேதான் கைகூடிற்று என்பது என் அபிப்பிராயம்.

1937இல் மகாத்மா காந்தியின் வார்தாக் கல்வித் திட்டம் எழுந்தபோது, அதை நடத்த முன்வந்தவர்களுள் முக்கியமானவர், சாந்திநிகேதனத்தில் பணியாற்றி ரவீந்திரருக்குக் காரியதரிசியாகவும் இருந்த யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம். எனினும் வார்தாவிலே கைத்தொழில் கல்வியின் நடுநாயகமாயிற்று. பிள்ளைகள் நூற்கும் நூல் பள்ளியின் செலவுக்கும் உதவ வேண்டும் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தது. எல்ம்ஹர்ஸ்டின் திட்டத்திலோ பாத்தியின் விளைச்சலைவிட, அதில் பிள்ளை அடைந்த சந்தோஷத்துக்கே முதலிடம் இருந்தது.