விழுங்கிய மருந்து சென்ற வழி

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். ஆயினும் அதில் மருந்து ஒன்றின் பெயரையேனும் வள்ளுவர் கூறினாரல்லர். முன் உண்டது செரித்தமை அறிந்து பின்னர் உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்துகிறார். சித்த மருத்துவரும் மருந்தோடு தேன், நெய், வெந்நீர் முதலிய அனுபானங்களையும் உண்ணும் வேளையையும் வகுத்தனர். எனினும், விழுங்கிய மருந்து வயிற்றினுள் எங்கே தங்குகிறது, எப்பொழுது கரைகிறது என்பதை அக்காலத்தில் எவரும் கண்டிலர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா இரப்பர்த் தோட்டங்களில் மலேரியா பல உயிர்களைக் கொண்டது. பெரட்டுக்கு வந்த தொழிலாளருக்குக் கொயினா கொடுக்கப்பட்டது. மருந்து தொண்டையைக் கடந்ததா என்பதை மட்டுமே கொடுத்தவர் காண முடிந்தது. அதன் பிறகு அது சென்ற வழி இருளே.

அவ்விருளில் முதல் விளக்கை ஏற்றியவர் ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் டி ஹெவெசி. 1923இல் அவர் கதிரியக்க ஈயம் கலந்த நீரை அவரைச் செடிக்கு ஊட்டி, அவ்வீயம் வேர், தண்டு, இலை என எங்கெங்குச் சென்றது என்பதை அளந்தார். கதிர்வீசும் அணு தான் இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கும் என்பதே இம்முறையின் அடிப்படை. 1943ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு இதற்காகவே அவருக்கு வழங்கப்பட்டது. 1958இல் அமெரிக்க அறிஞர் ஹால் ஆங்கர் காமாக் கதிர்களைக் கொண்டு படம் பிடிக்கும் கருவியைப் பற்றி எழுதி வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் பாதியாகத் தேயும் டெக்னீசியம்-99எம் மருத்துவத்துக்கு வந்தபின், மாத்திரையில் அதனைச் சிறிதளவு சேர்த்து, உடலின் வெளியிலிருந்தே பயணத்தைப் பார்ப்பது எளிதாயிற்று. இரத்தத்தைச் சோதித்தால் மருந்தின் அளவு தெரியும்; படத்தைப் பார்த்தால் அது இருக்கும் இடம் தெரியும். இரண்டும் சேர்ந்தபோதே உண்மை முழுமை பெற்றது.

அவ்வுண்மை யாது? இங்கிலாந்தின் நாட்டிங்காம் அறிஞர் 1986இல் வெளியிட்ட ஆய்வு அதனைத் தெளிவாக்கியது. சிறுகுடலைக் கடக்க மருந்து எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய மூன்று மணி. நீர்மருந்தாயினும் மாத்திரையாயினும், உணவு உண்டிருப்பினும் உண்ணாதிருப்பினும் அதில் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடெல்லாம் இரைப்பையில்தான். வெறும் வயிற்றில் விரைவில் வெளியேறும் பெரிய மாத்திரை, உணவுக்குப்பின் பல மணி நேரம் அங்கேயே தங்கிவிடக்கூடும்.

மலேசியாவும் இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டது. கதிரியக்கமற்ற சமாரியத்தை முன்னரே மருந்தில் வைத்து, பின்னர் நியூட்ரான்களால் கதிர்வீசச் செய்யும் முறையை மலாயாப் பல்கலைக்கழக அறிஞர் நாட்டிங்காம் அறிஞரோடு கூடி ஆராய்ந்தனர். சமாரியம்-153 பாதியாகத் தேய ஏறத்தாழ 46 மணி நேரமாகும். ஆதலின் பெருங்குடல்வரை செல்லும் நீண்ட பயணத்தையும் அதனால் தொடரலாம்.

தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் வந்த குடும்பங்களின் முதியோர்க்கு இன்று கொயினா தேவையில்லை. ஈப்போவின் புந்தோங்கிலும் பிற இடங்களிலும் அவர்கள் உண்பவை நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள். அவற்றுட் சில, நாள் முழுதும் சிறிது சிறிதாகக் கரையுமாறு செய்யப்பட்டவை. விழுங்குதற்கு எளிதென்று அவற்றைப் பொடித்துக் கொடுத்தால், ஒரு நாளைய மருந்து ஒரே வேளையில் இரத்தத்தில் கலந்து தீங்கு விளையும். ‘உணவுக்கு முன்’, ‘உணவுக்குப் பின்’, ‘முழுதாக விழுங்குக’ என்று மருந்துறையில் காணும் சிறு தொடர்கள் வெறுஞ்சடங்கு அல்ல. கண்ணுக்குப் புலனாகாத ஒரு பயணத்தை அறிஞர் கண்டு எழுதிய வழிக்குறிப்புகள் அவை. அவற்றைப் பெற்றோர்க்குப் படித்துக் காட்டுவது எழுத்தறிந்த ஒவ்வொருவரின் கடமையாகும்.